உங்களுக்குத் தெரியுமா? மண் தொடாத செடி கோடையைத் தாண்டும் விதம்

வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிட்டால் மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அடுத்த பல மாதங்களுக்கு மழை அரிது. ஏரியே வற்றும் அந்த வெயிலை, மண்ணைத் தொடாமல் மரக்கிளையில் வாழும் தொற்றுத்தாவரங்கள் எப்படித் தாங்குகின்றன?

தமிழகச் சமவெளிகளில் மா, வேம்பு போன்ற மரங்களில் வளரும் ‘வாண்டா டெசலேட்டா’ ஆர்க்கிட்டைப் பாருங்கள். அதன் தொங்கு வேர்களைச் சுற்றி ‘வெலாமன்’ என்ற வெண்ணிற உறை உண்டு. இறந்த செல்களால் ஆன அந்த உறை, மழைநீரைப் பஞ்சுபோல் சட்டென உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த நாளில் வேரின் ஈரம் வெளியேறாமல் காப்பதும் அதுவே. இதைவிட வியப்பு, இலைத்துளைகளின் நேரக்கணக்கு! பகல் வெயிலில் திறந்தால் நீர் ஆவியாகிவிடும். ஆகவே இரவில் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்துவைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து அந்த வாயுவைப் பிரித்து உணவு தயாரிக்கிறது. அன்னாசியும் சோற்றுக்கற்றாழையும் செய்வது இதையேதான்.

கொல்லிமலையில் சூப்புக்குப் பேர்போன ‘முடவாட்டுக்கால்’ ஒரு பெரணியின் தண்டு. அதன் வழி வேறு: வறட்சியில் பச்சை இலைகளை உதிர்த்துவிட்டு, சதைப்பற்றான தண்டில் சேர்ந்த நீரைக்கொண்டு பிழைக்கும். பழுப்பேறிய அடியிலைகள் சருகைப் பிடித்துவைத்து, மட்கும் உரத்தையும் ஈரத்தையும் வேருக்குத் தரும்.

பனைமட்டை இடுக்கில் முளைக்கும் ஆலங்கன்றும், வேர் தரையை எட்டும்வரை தொற்றுத்தாவரமே.

ஆர்க்கிட்டும் பெரணியும் புல்லுருவி அல்ல. தாங்கும் மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. கிளையில் கண்டால் பிய்த்து எறியாதீர்கள்.