கண்ணைக் கசக்கும் பிள்ளையைக் கவனியுங்கள்

பிள்ளை கண்ணைக் கசக்கினால், "தூசு விழுந்திருக்கும்" என்று விட்டுவிடுவது எம் வீடுகளில் வழக்கம். ஆனால், நாள்தோறும் அழுத்திக் கசக்கும் பழக்கம் பார்வையைக் கெடுக்கும் ஒரு நோய்க்கு வழிவிடலாம் என்பதைத் தாய்மார் அறிந்திருக்க வேண்டும்.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் படலத்தை வைத்தியர்கள் 'கோர்னியா' என்பர். அதன் நடுப்பகுதியின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். அது மெலிந்து கூம்பு போல முன்தள்ளுவதே 'கெரட்டோகோனஸ்' நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும்.

கண் சிவப்பதோ பீளை தள்ளுவதோ இதன் அடையாளம் அல்ல. அதனால் இது அழற்சியோடு தொடர்பற்ற நோய் என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. பின்னர் நோயாளரின் கண்ணீரைச் சோதித்தபோது, அழற்சியைத் தூண்டும் பொருட்களும், படலத்துக்கு உறுதி தரும் கொலாஜன் நாரைச் சிதைக்கும் நொதியங்களும் கூடியிருக்கக் கண்டனர். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நலமானவர்கள் 60 செக்கன் கண்ணைக் கசக்கியபோதே இத்தகைய பொருட்கள் கண்ணீரில் அதிகரித்தன. பரம்பரையும் ஒரு காரணம். கசக்கும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை.

வீடுவீடாகச் செல்லும் என் பணியில் ஒரு தாயைச் சந்தித்தேன். "வருசாவருசம் கண்ணாடி மாத்திறம் மிஸ், இவள் ஒழுங்காப் போடுறாளில்லை" என்று மகளைக் குறைகூறினார். மகளோ, "கண்ணாடி போட்டாலும் எழுத்து ரெண்டாத் தெரியுது" என்றாள். இன்னொரு வீட்டில், கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று மகளைக் கிளினிக்குக்கே அனுப்பவில்லை. பிள்ளையின் குற்றமாகவும் குடும்ப இரகசியமாகவும் நோயை ஆக்கிவிட்டால், இழப்பது அவளது பார்வையை அல்லவா?

காலத்தோடு காட்டினால், விற்றமின் பி2 துளிகளையும் புறஊதாக் கதிரையும் கொண்டு படலத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சை உண்டு. அது நோய் கூடுவதைத் தடுக்கும். ஏற்கெனவே மெலிந்ததை மீட்டுத் தராது. முற்றினால், தானமாகக் கிடைக்கும் கோர்னியாவைப் பொருத்தவும் நேரலாம்.

கண் கடித்தால் குளிர்நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் வையுங்கள். ஒவ்வாமைக்கு வைத்தியரிடம் மருந்து பெறுங்கள். 'அழற்சி' என்றதும் பாமசியில் ஸ்டீரொயிட் துளிகளைத் தாமாகவே வாங்கி விடுவது ஆபத்து. கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். கண்ணாடியின் இலக்கம் அடிக்கடி மாறினால், கண் வைத்திய நிபுணரிடம் காட்டி, கோர்னியாவின் வடிவத்தையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.

சகோதரிகளே, பிள்ளை "தெரியவில்லை" என்றால் முதலில் அதை நம்புங்கள்.