கடையின் இணையதளத்தில் '403' பிழை: பாதுகாப்பை அணைத்துவிடலாமா?

தாராவியின் தோல்பைக் கடைகள் முதல் செம்பூரின் சிறு நிறுவனங்கள் வரை பலரும் இப்போது இணையத்திலும் ஆர்டர் எடுக்கிறார்கள். அந்தத் தளங்களை எழுதும் இளைஞர்கள் அடிக்கடி முட்டிக்கொள்ளும் இடம், சி.எஸ்.ஆர்.எஃப். பாதுகாப்பு. இதுகுறித்து எழும் சந்தேகங்களுக்கு விளக்கம் இதோ.

சி.எஸ்.ஆர்.எஃப். தாக்குதல் என்றால் என்ன?

கடைக்காரர் தம் தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் லாகின் செய்திருக்கிறார். அதே பிரவுசரில், யாரோ அனுப்பிய லிங்க்கையும் திறக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் படிவம், 'பணம் சேரும் வங்கிக் கணக்கை மாற்று' என்று கடைத் தளத்துக்குக் கோரிக்கை அனுப்புகிறது. கடைத் தளத்தின் குக்கீயை பிரவுசர் தானாகவே சேர்த்து அனுப்பினால், உரிமையாளரே கேட்டதாக சர்வர் நம்பிவிடும். பாஸ்வேர்டு களவு போகவில்லை, பணம் போய்விடும். 2007-ல் ஜிமெயிலிலேயே இப்படியொரு ஓட்டை இருந்தது. பிறர் கணக்கில் ஃபில்டர் ஒன்றை நுழைத்து, அவர்களுக்கு வரும் மெயிலைத் திருப்பிவிட முடிந்தது. கூகுள் பிறகு அதை அடைத்தது.

டோக்கன் இதை எப்படித் தடுக்கிறது?

யூகிக்க முடியாத ஒரு டோக்கனை சர்வர் தன் பக்கத்துக்குத் தருகிறது. வேற்றுத் தளத்தால் அதைப் படிக்க முடியாது. சரியான டோக்கன் வராத கோரிக்கையை, தளம் எழுதப் பயன்படும் ஃபிரேம்வொர்க்குகளில் ஜாங்கோ 403 என்றும், லாராவெல் 419 என்றும் சொல்லித் திருப்பி அனுப்பும்.

லாகினுக்கு முன் ஏ.பி.ஐ. வேலை செய்கிறது; லாகின் ஆனதும் 403 வருகிறது. ஏன்?

ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கின் செஷன் முறை, லாகின் செய்தவரிடம் மட்டுமே டோக்கன் கேட்கும். போதாததற்கு, லாகின் ஆனதும் ஜாங்கோ டோக்கனை மாற்றிவிடும். பழையதையே பிடித்துவைத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அங்கே தோற்கும். ஒவ்வொரு முறையும் குக்கீயிலிருந்து புதிதாகப் படித்து, 'எக்ஸ்-சி.எஸ்.ஆர்.எஃப்.டோக்கன்' ஹெடரில் அனுப்புங்கள்.

சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது, சர்வரில் ஏற்றியதும் ஓடவில்லையே?

2021 டிசம்பரில் வெளியான ஜாங்கோ 4.0 முதல், 'ஆரிஜின்' ஹெடரும் சோதிக்கப்படுகிறது. வெளியே எச்.டி.டி.பி.எஸ்., உள்ளே எச்.டி.டி.பி. என்று இடையில் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் மாற்றி அனுப்பினால் முகவரி பொருந்தாது. நம்பகமான ஆரிஜின்களின் பட்டியலில் உங்கள் முகவரியை எச்.டி.டி.பி.எஸ். முன்னொட்டோடு எழுதுங்கள். பிரவுசரின் 'நெட்வொர்க்' பகுதியில் குக்கீ, டோக்கன் ஹெடர், ஆரிஜின் மூன்றையும் பார்த்தால், சிக்கல் எதில் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

'சேம்சைட்' குக்கீ இருக்கும்போது டோக்கன் எதற்கு?

2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80, 'சேம்சைட்' குறிப்பிடாத குக்கீகளை 'லாக்ஸ்' (வேற்றுத் தளத்தின் படிவத்தோடு பொதுவாகப் போகாதவை) என எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. நல்ல அரண்தான், ஆனால் முழு அரண் அல்ல. லிங்க்கைத் தட்டினால் போகும் 'கெட்' கோரிக்கையோடு லாக்ஸ் குக்கீயும் போகும். ஆகவே 'கெட்' மூலம் எதையும் அழிக்கவோ மாற்றவோ விடாதீர்கள். 'கார்ஸ்' அமைப்பையும் நம்பியிருக்க வேண்டாம். அது பதிலைப் படிப்பதைத் தடுக்குமே தவிர, சாதாரணப் படிவக் கோரிக்கை சர்வரைச் சேர்வதைத் தடுக்காது.

மொபைல் ஆப்புக்கும் இது தேவையா?

குக்கீ இல்லாமல் 'ஆத்தரைசேஷன்' ஹெடரில் மட்டுமே அடையாளம் காட்டும் ஆப்புக்குத் தேவையில்லை; அந்த ஹெடரை பிரவுசர் தானாகச் சேர்க்காது. அதே ஏ.பி.ஐ. குக்கீ லாகினையும் ஏற்றுக்கொண்டால் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும்.

அவசரத்துக்கு டோக்கன் சோதனையிலிருந்து விலக்கு போட்டுவிடலாமா?

கூடாது. அவசரத்துக்குப் போட்ட விலக்கை யாரும் நினைவாக எடுப்பதில்லை. பிழை மறையும்; ஓட்டை அப்படியே இருக்கும். 403 வந்தால் காவல் விழித்திருக்கிறது என்று பொருள். காரணத்தைத் தேடித் திருத்துவதே முறை.

கடை உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தளம் எழுதித் தருபவரிடம், "சி.எஸ்.ஆர்.எஃப். பாதுகாப்பு எங்காவது அணைக்கப்பட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். நிர்வாகப் பக்கத்தில் வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள். பணம் பறிபோனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.