டர்போ சி-யில் ஓடிய புரோகிராம் லினக்ஸில் ஏன் நிற்கிறது?

நீல நிறத் திரை. கன்ட்ரோல் எப்9 அழுத்தினால் புரோகிராம் ஓடும். ஆல்ட் எப்5 அழுத்தினால் விடை தெரியும். கல்லூரி லேபில் டர்போ சி-யில் சி மொழி கற்ற யாருக்கும் இந்த இரண்டு கீகளும் மறக்காது. எனக்கும் அப்படித்தான்.

2018-இல் நான் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படித்தபோது ஒரு நிறுவனம் வளாகத் தேர்வுக்கு வந்தது. ஒரு மணி நேரம், மூன்று கணக்குகள். உட்கார வைத்த கம்ப்யூட்டரில் இருந்தது லினக்ஸ். முதல் கணக்கு லேபில் பலமுறை போட்டதுதான். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். கம்பைல் செய்ததும் பிழை. ஒன்றைச் சரி செய்தால் வேறொன்று. கடைசியில் கம்பைல் ஆனது. ஆனால் ஓட மறுத்தது. நாற்பது நிமிடம் அதிலேயே போய்விட்டது. கணக்குக்கு விடை தெரிந்தும் தேர்வில் தோற்று வெளியே வந்தேன்.

சென்ற மாதம் என் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, லேப்டாப்பில் உபுண்டு போட்டேன். ஒரு புரோகிராம்கூட ஓட மாட்டேங்குது. பேசாம பார்மேட் பண்ணி மறுபடியும் விண்டோஸே போட்டுடவா?" என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு.

ஒரு கீ செய்த வேலைகள்

போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி 1987-இல் வெளிவந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிசிசி கம்பைலரின் முதல் வெளியீடும் அதே 1987-இல்தான். டர்போ சி டாஸ் காலத்தோடு நின்றுவிட்டது. ஜிசிசி இன்றும் ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பாக வளர்ந்து வருகிறது.

கன்ட்ரோல் எப்9 என்ற ஒரே கீ பல வேலைகளை அடுத்தடுத்துச் செய்து வந்தது. ஹெடர் பைல்களைச் சேர்ப்பது, கம்பைல் செய்வது, லைப்ரரிகளுடன் இணைப்பது, ஓட்டுவது என எல்லாம் திரைக்குப் பின்னால் நடந்தன. லினக்ஸிலும் அதே வேலைகள்தான் நடக்கின்றன. ஆனால் எந்தப் படியில் தடங்கல் என்பதைப் பிழைச் செய்தி தனியாகச் சொல்லிவிடும். அந்தப் படியைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: கருவி இருக்கிறதா?

டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்.

ஜிசிசி --வெர்ஷன்

பதிப்பு எண் வந்தால் கவலை இல்லை. "கமாண்ட் நாட் பவுண்ட்" என்று வந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் கம்பைலரே இல்லை என்று பொருள். உபுண்டு, டெபியன் பயன்படுத்துவோர் கீழ்க்கண்ட இரண்டு கட்டளைகளையும் வரிசையாகக் கொடுக்கவும்.

சுடோ ஏபிடி அப்டேட்
சுடோ ஏபிடி இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல்

இந்த ஒரு பேக்கேஜில் சி, சி பிளஸ் பிளஸ் கம்பைலர்கள், மேக் கருவி, அடிப்படை ஹெடர் பைல்கள் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பேக்கேஜையே காணவில்லை என்று செய்தி வந்தால் முதல் கட்டளையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். பூட்டு கிடைக்கவில்லை என்று வந்தால், பின்னணியில் தானியங்கி அப்டேட் நடந்து கொண்டிருக்கலாம். சில நிமிடங்கள் பொறுத்திருந்து மறுபடியும் முயலுங்கள். பூட்டு பைலை அழிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இரண்டாம் படி: ஹெடர் பைல்

என்னைத் தேர்வில் நிறுத்திய முதல் பிழை இதுதான். "கோனியோ.ஹெச்: நோ சச் பைல் ஆர் டைரக்டரி". இந்த ஹெடர் சி மொழியின் ஸ்டாண்டர்டில் இல்லை. அது டாஸ் கம்பைலர்களுக்கு உரியது. எந்த பேக்கேஜைத் தேடி நிறுவினாலும் டர்போ சி-யின் கோனியோ லினக்ஸுக்கு வராது. அந்த வரியை நீக்குங்கள். திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் வரியையும் நீக்குங்கள். கடைசியில் இருக்கும் கெட்ச் வரியும் தேவையில்லை. டர்போ சி-யில் விடை மறைந்துவிடாமல் இருக்கத்தான் அதை எழுதினோம். டெர்மினலில் விடை அப்படியே நிற்கும்.

எல்லா ஹெடர் பிழையும் இந்த வகை அல்ல. உதாரணத்துக்கு என்கர்சஸ்.ஹெச் இல்லை என்று செய்தி வந்தால் அது லினக்ஸில் உள்ள லைப்ரரிதான். உபுண்டுவும் டெபியனும் ஒரு லைப்ரரியை இரண்டு பேக்கேஜ்களாகப் பிரித்துத் தருகின்றன. ஒன்று புரோகிராமை ஓட்டுவதற்கு, மற்றொன்று எழுதுவதற்கு. ஹெடர் பைல் இருப்பது இரண்டாவதில். அதன் பெயர் பெரும்பாலும் "-டெவ்" என்று முடியும். லிப்என்கர்சஸ்-டெவ் என்ற பேக்கேஜை நிறுவினால் பிழை போய்விடும். லைப்ரரிதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று குழம்புவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

மூன்றாம் படி: கம்பைல்

ஒரு செமிகோலன் விட்டுப் போனாலும் திரை நிறையப் பிழைகள் வரலாம். எப்போதும் முதல் பிழையை மட்டும் சரி செய்து மறுபடியும் கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பல தானாகவே மறைந்துவிடும். அடைப்புக்குறி, செமிகோலன் தொடர்பான பிழை என்றால், சுட்டிய வரியோடு அதற்கு முந்தைய வரியையும் பாருங்கள்.

இங்கே இன்னொரு புதிய சிக்கல் உண்டு. அறிவிக்காத பங்ஷன் ஒன்றை அழைத்தால் பழைய ஜிசிசி எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போகும். 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் அது பிழையாகிவிட்டது. கம்பைல் அங்கேயே நின்றுவிடும். உபுண்டு 24.04-இல் வருவது ஜிசிசி 13. டெபியன் 13-இல் வருவது ஜிசிசி 14. ஆகவே நண்பரின் லேப்டாப்பில் கம்பைல் ஆன புரோகிராம் உங்களிடம் நிற்கலாம். கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. அந்த பங்ஷனுக்கு உரிய ஹெடர் பைலைச் சேர்த்துவிட்டால் இரண்டிலும் ஓடும்.

நான்காம் படி: இணைப்பு

வர்க்கமூலம் காணும் புரோகிராமில் மேத்.ஹெச் சேர்த்தாகிவிட்டது. ஆனாலும் "அன்டிபைன்டு ரெபரன்ஸ்" என்று வருகிறது. இது கம்பைலரின் பிழை அல்ல, லிங்க்கரின் பிழை. ஹெடர் பைலில் பங்ஷனின் அறிவிப்பு மட்டுமே இருக்கிறது. அதன் உண்மையான கோடு கணித லைப்ரரியில் இருக்கிறது. அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

ஜிசிசி கணக்கு.சி -ஓ கணக்கு -எல்எம்

கடைசியில் இருக்கும் -எல்எம் என்பதுதான் கணித லைப்ரரி. அதைப் பைல் பெயருக்குப் பின்னால் கொடுங்கள். முன்னால் கொடுத்தால் பல சமயம் பலன் இருக்காது.

இதில் ஒரு வேடிக்கை. வர்க்கமூலம் 25 என்று எண்ணையே நேரடியாகக் கொடுத்தால் -எல்எம் இல்லாமலும் ஓடிவிடும். கம்பைலரே விடையைக் கணக்கிட்டு எழுதி விடுவதால் லைப்ரரி தேவைப்படாது. எண்ணைக் கீபோர்டிலிருந்து வாங்கினால் பிழை வரும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: ஓட்டம்

தேர்வில் என்னை நிறுத்திய கடைசிப் பிழை இங்கே. கம்பைல் ஆகிவிட்டது. பைல் பெயரை அடித்தேன். "கமாண்ட் நாட் பவுண்ட்" என்றது. பைல் கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறதே!

டாஸ் நாம் இருக்கும் டைரக்டரியில்தான் முதலில் தேடும். லினக்ஸ் அங்கே தானாகத் தேடாது. நீங்கள் பிறருடைய டைரக்டரியில் இருக்கும்போது, தெரிந்த கட்டளையின் பெயரில் யாரோ வைத்த புரோகிராம் ஓடிவிடக் கூடாது என்ற பாதுகாப்பு அது. எனவே இந்த டைரக்டரியில் இருப்பதுதான் என்று புள்ளியும் சாய்கோடும் போட்டுச் சொல்ல வேண்டும்.

./கணக்கு

இந்த இரண்டு எழுத்து தெரியாமல் ஒரு வேலை போனது. போகட்டும்.

"பெர்மிஷன் டினைடு" என்று வந்தால் உங்கள் பைல் பென் டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட் முறையில் பார்மேட் செய்த பென் டிரைவில் உள்ள பைல்களுக்கு லினக்ஸ் பொதுவாக இயங்கும் அனுமதி தராது. ஹோம் டைரக்டரிக்குக் காப்பி செய்து அங்கே கம்பைல் செய்யுங்கள்.

ஓடும்போது "செக்மென்டேஷன் பால்ட்" என்று நின்றால், புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டிருக்கிறது. ஸ்கேன்எப்பில் ஆம்பர்சண்ட் குறியை விட்டிருப்பீர்கள். அல்லது அர்ரேயின் எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். டாஸில் இதற்குத் தடுப்பு கிடையாது. அதே தவறோடு புரோகிராம் ஓடி ஏதோ ஒரு விடையைத் தந்திருக்கும். லினக்ஸ் அதைப் பிடித்து நிறுத்துகிறது. எந்த வரி என்று தெரிய, -ஜி சேர்த்துக் கம்பைல் செய்து ஜிடிபி கருவியில் திறந்து "ரன்" கொடுங்கள். நின்றதும் "பிடி" என்று இரண்டு எழுத்து அடித்தால் வரி எண் வந்துவிடும். ஜிடிபி இல்லையென்றால் ஏபிடி மூலம் நிறுவிக்கொள்ளலாம்.

பிழையே வராத பிழை

இதுவரை சொன்னவை எல்லாம் வாய்விட்டுச் சொல்லும் பிழைகள். அதைவிட ஆபத்தானது சொல்லாத பிழை.

பேக்டோரியல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டர்போ சி-யில் இன்ட் என்பது 2 பைட். அதிகபட்ச எண் 32767. ஆகவே 8-இன் பேக்டோரியல் 40320 என்பதற்குப் பதிலாக -25216 என்று வரும். லினக்ஸில் இன்ட் 4 பைட் என்பதால் 12 வரை சரியாக வரும். 13-க்கு வர வேண்டியது 6227020800. திரையில் பெரும்பாலும் வருவது 1932053504. எச்சரிக்கை ஏதும் வராது. மைனஸ் குறிகூட இல்லாததால் சந்தேகமும் வராது. லாங் லாங் பயன்படுத்தினால் 20 வரை சரியாகக் கிடைக்கும்.

சொல்லாத பிழைகளில் சிலவற்றையாவது முன்கூட்டியே பிடிக்க, கம்பைல் செய்யும்போது -வால் என்ற ஆப்ஷனை எப்போதும் சேருங்கள். இதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. மேற்சொன்ன ஆம்பர்சண்ட் தவறைப் புரோகிராம் ஓடும் முன்பே இது சுட்டிக்காட்டும். பேக்டோரியல் போன்ற தவறுகளை இதுவும் காட்டாது. அதற்கு, விடை தெரிந்த எண்ணைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதே வழி.

சித்தி மகனிடம் முதல் பிழையை அப்படியே படிக்கச் சொன்னேன். "பெரிசா இருக்கு அண்ணா" என்றான். "பரவாயில்லை, படி" என்றேன். படித்து முடிக்கும்போதே, "ஓ, ஹெடர் பைல் இல்லைங்குது" என்று அவனே சொல்லிவிட்டான். அரை மணி நேரத்தில் ./ வரை வந்துவிட்டான். லேப்டாப்பை பார்மேட் செய்யவில்லை.

அடுத்த வாரம் அவன் கல்லூரிக்கு ஒரு நிறுவனம் வளாகத் தேர்வுக்கு வருகிறதாம். அங்கும் லினக்ஸ்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை அவன் கணக்கைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்.