பெட்டி அடுப்பின் பாடபேதம்

ஜெலுத்தோங்கில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் நீல வண்ணம் உரிந்துபோன ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் இல்லம் வந்தார். லோரோங் கூலிட் பழம்பொருட் சந்தையில் வாங்கினாராம். மூடியைத் திறந்தால் உள்ளே பித்தளைத் தொட்டி, பம்பு, பர்னர் எல்லாம் அடங்கிய ஒரு பயண அடுப்பு. "ஐயா, இது எந்த எண்ணெயிலும் எரியும் என்று விற்றவர் சொன்னார். பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். 'எந்த எண்ணெயிலும்' என்ற அந்தச் சொற்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்கள் ஒன்றை நன்கறிவர். கட்டின் மேற்சட்டத்தில் ஒரு நூலின் பெயர் இருக்கும். உள்ளே வேறு நூலின் ஏடுகளும் கலந்து கிடக்கும். பழைய அடுப்பும் அத்தகையதே. பல கைகள் மாறி வந்திருக்கும். பழுதுபட்ட உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறோர் அடுப்பின் உறுப்பை யாரோ மாட்டியிருப்பர். இடைச்செருகல் ஏட்டில் மட்டுமா உண்டு? ஆதலின் பெட்டியில் பொறித்த பெயரை மட்டும் நம்பி எண்ணெய் ஊற்றுதல் கூடாது.

எனினும் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். இப்பெட்டியில் 'ஆப்டிமஸ்' என்ற பெயரும் 111 என்ற எண்ணும் தெரிந்தன. இவ்வகை அடுப்புகளின் தாயகம் சுவீடன். 1892இல் ஸ்டாக்ஹோம் நகரில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர், திரியும் கரியும் இன்றி மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் அடுப்பை அமைத்தார். அதுவே 'பிரைமஸ்'. வடதுருவம் நாடி 1893இல் புறப்பட்ட நான்சென் அதனை உடன் கொண்டு சென்றார். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் காலையில், எவரெஸ்ட் உச்சிக்குப் புறப்படுமுன் எட்மண்ட் ஹில்லாரி தம் உறைந்துபோன காலணிகளை இளக்கியதும் பிரைமஸ் அடுப்பின் மேல்தான். ஆப்டிமஸ் 1899இல் தோன்றிய மற்றொரு சுவீடன் நிறுவனம். 1962இல் பிரைமஸின் எண்ணெய் அடுப்புத் தொழிலை இதுவே ஏற்றுக்கொண்டது. எனவே அதன் பின்னர் வந்த அடுப்பில் பிரைமஸ் என்ற பெயர் இருப்பினும் அது பிறந்த வீடு ஆப்டிமஸாக இருக்கலாம்.

111 என்ற வரிசையில் உடன்பிறந்தார் பலர். வெறும் 111 மண்ணெண்ணெய்க்கு உரியது. 111 பி பெட்ரோலுக்கு உரியது. 111 டி பெட்ரோல், மண்ணெண்ணெய், சாராயச் சத்தான ஸ்பிரிட் ஆகிய மூன்றுக்கும் உரியது. தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பெட்டிதான். வேறுபாடு எண்ணை அடுத்து வரும் ஓரெழுத்தில் உள்ளது. நம் அன்பரின் பெட்டியில் அந்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தைக் கடற்காற்றின் துரு தின்றுவிட்டது!

ஓரெழுத்துக்கு இத்தனை கவலை ஏன் என்பார்க்கு அடுப்பின் தொழிலைச் சற்று விளக்க வேண்டும். பம்பு அடித்தால் தொட்டியிலுள்ள காற்று எண்ணெயை அழுத்தும். எண்ணெய் சூடேறிய குழாய் வழியே ஏறி ஆவியாகி, நிப்பிளின் நுண்துளையில் சீறிப் பாய்ந்து காற்றோடு கலந்து நீலச் சுடராய் எரியும். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதன்று. அதனால்தான் முதலில் கிண்ணத்தில் ஸ்பிரிட் எரித்துப் பர்னரைச் சுடவைக்கிறோம். பெட்ரோலோ பினாங்கின் வெயிலில் தானே ஆவியாவது. சூடேறினால் தொட்டிக்குள் அழுத்தம் விரைந்து பெருகும். சாதாரண பம்பு ஸ்டவ்வை அணைக்கக் காற்றுத் திருகைத் திறந்துவிடுவது நம் தாய்மார் கண்ட வழக்கம். தொட்டியில் பெட்ரோல் இருக்கும்போது அவ்வாறு திறந்தால், வெளியேறும் ஆவி அருகிலுள்ள சுடரில் பற்றிக்கொள்ளும். ஆகவே பெட்ரோல் அடுப்புக்கு எண்ணெயை அடைக்கும் வால்வு வேண்டும். அழுத்தம் மிகுந்தால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வும் மூடியில் வேண்டும்.

இனி நிப்பிள். எண்ணெய்க்கு ஏற்பத் துளையின் அளவும் மாறும். இக்காலத்துப் பிரைமஸ் ஆம்னிஃபியூல் அடுப்பில் சமையல் வாயுவுக்கு 0.45 மில்லிமீட்டர், பெட்ரோலுக்கு 0.37, மண்ணெண்ணெய்க்கு 0.28 என மூன்று நிப்பிள்கள் உண்டு. ஆக, பல எண்ணெயில் எரியும் அடுப்பு என்பதற்கு எதை ஊற்றினாலும் எரியும் என்பது பொருளன்று. ஒவ்வோர் எண்ணெய்க்கும் உரிய முறையில் மாற்றியமைத்துக்கொள்ளத்தக்கது என்பதே பொருள். விற்றவர் விட்டுவிட்டது இதைத்தான்.

அன்பரின் அடுப்பை இவ்வாறு சோதித்தோம். மூடியில் பாதுகாப்பு வால்வு இருந்தது. பெட்ரோல் அடுப்பின் சான்று அது. தொட்டியிலோ மண்ணெண்ணெய் மணம். மூடியின் பித்தளை தொட்டியின் பித்தளையைவிடப் புதிதாக மின்னியது. மூடி பின்னர் வந்ததாக இருக்கலாம். இரு பாடங்கள் முரண்படும்போது என் முடிவு இது: மண்ணெண்ணெய் என்றே கொள்க. பெட்ரோல் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றினால் பெரும்பாலும் மஞ்சள் சுடரும் புகையும் வரும், அணைத்துவிட்டு யோசிக்கலாம். மறுதலையாகச் செய்தால் யோசிக்க நேரமிராது.

துலக்கும் வேலையில் அன்பர் அவசரப்பட்டார். கடையில் விற்கும் பித்தளை மெருகில் தொட்டியை ஊறவைக்க எண்ணினார், தடுத்தேன். மெருகுகள் பலவற்றில் அம்மோனியா உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் கீறல் விட்டன. குதிரை லாயங்களில் அவற்றை வைத்திருந்ததும், அங்கு எழுந்த அம்மோனியாவும், சூடாக்காமல் இழுத்து உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அதற்குக் காரணம் என்பது 1921இல் தெளிவாக்கப்பட்டது. காற்றழுத்தம் தாங்க வேண்டிய தொட்டிக்கு அத்தகைய கீறல் ஆகாது. நம் வீட்டுப் புளியே போதும்; தேய்த்த உடனே நன்கு கழுவித் துடைத்துவிட வேண்டும். பொறித்த எழுத்துள்ள இடத்தில் அழுத்தித் தேய்க்க வேண்டா. எஞ்சிய சான்றும் போய்விடும்.

பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. அதனைக் கழற்றித் தையல் இயந்திர எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்ததும் உயிர் பெற்றது. பம்பின் அடியில் ஒரு சிறு வால்வு உண்டு; அதிலுள்ள தக்கைத் துண்டு தேய்ந்தால் எண்ணெய் பின்னோக்கிப் பம்புக்குள் வந்துவிடும். அதற்கு எண்ணெயில் கரையாத இரப்பர் துண்டு போட்டோம். ஸ்பிரிட் கிண்ணத்தில் வெள்ளை நார் போன்ற ஒன்று இருந்தது. பழைய அடுப்புகளில் அது கல்நார் ஆகலாம். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். உலர்ந்தபடி சுரண்டாமல், ஊதாமல், நீரில் நனைத்தே எடுத்துப் பைக்குள் கட்டினோம்.

பின்பு வெறுந்தொட்டியில் நாலைந்து முறை பம்பு அடித்து வாளி நீரில் அமிழ்த்தினோம். பற்றுவைத்த இடங்களில் குமிழ் இல்லை. தொட்டியின் அடி வெளிப்புறம் புடைக்கவும் இல்லை. மூடியின் வால்விலிருந்து மட்டும் மணிமணியாய்க் குமிழ்கள் ஏறின. அதன் இரப்பர் வில்லை இறுகிக் கல்லாகியிருந்தது. புது வில்லைக்குச் சொல்லியிருக்கிறார். அது வரும்வரை அடுப்பு பற்றவைக்கப்படாமல் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது, 'மண்ணெண்ணெய் மட்டும், மூடி ஐயத்திற்குரியது' என்று எழுதிய அட்டை ஒன்று அதில் தொங்குகிறது.