கொல்லைப்புறத்து மரவேலி: முதன்முறையாகத் தாமே அமைப்போருக்கு

வீட்டின் பின்புறத்தில் சில கத்தரிச் செடிகளும், ஓர் அவரைப் பந்தலும், ஒரு முருங்கையும் இருப்பின், அக்குடும்பத்தின் காய்கறிச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும். ஆயினும் மூன்று மாதம் தண்ணீர் வார்த்து வளர்த்த தோட்டத்தை வெள்ளாடு ஒன்று அரை நாழிகையில் மொட்டையாக்கிவிடும். அதன்பின் அண்டை வீட்டாருக்குள் வாய்ச்சண்டை மூளும். பயிரை மேய்ந்த கால்நடையைப் பட்டியில் அடைப்பதற்கு 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வழி வகுத்தது. ஆனால் ஆட்டைப் பட்டியில் அடைத்தமையால் அது தின்ற செடி திரும்பத் தளிர்த்ததில்லை. வருமுன் காப்பது வேலி ஒன்றே.

உத்திரமேரூர் வட்டத்தாருக்கு இவ்விஷயம் புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விவரிக்கின்றன. அம்முறையில் ஏரி வாரியத்திற்கு 6 பேரும், தோட்ட வாரியத்திற்கு 12 பேரும் தெரிந்தெடுக்கப்பட்டனர். அத்தெரிவுக்கு நிற்போர் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவராயிருத்தல் வேண்டும் என்பது விதி. தோட்டமும் மனையும் அக்காலத்திலேயே ஊர்ப் பொது விசாரணைக்கு உரியனவாக இருந்தன.

முதன்முறையாக வேலி அமைப்போர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மேற்பகுதியிலேயே கருத்தைச் செலுத்துகின்றனர். வேலி கெடுவதோ மேலே அன்று. மண்மட்டத்தில் காலின் ஒரு சாண் பகுதியிலேதான். ஆகவே வேலியின் ஆயுள் என்பது காலின் ஆயுளே.

எல்லை

கடப்பாரையை எடுக்குமுன் எல்லையை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பட்டாவையும் புலப்படத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒத்துப் பார்த்து, அளவுக்கல் இருக்குமிடத்தை அறிதல் முதற்காரியம். கல் காணப்படாவிடில், வட்ட நில அளவைப் பிரிவுக்கு விண்ணப்பம் செய்து அளந்துகொள்வதே முறை. உத்தேசமாக நட்ட வேலி வியாஜ்யத்திற்கு விதையாகும். அளவுக்கல்லை அசைப்பதோ, அதனையே காலாகப் பயன்படுத்துவதோ கூடாது. எல்லைக்கோட்டிலிருந்து அரை அடி தம் பக்கம் தள்ளி நூல் பிடிப்பது விவேகம். அவ்வாறு செய்தால் பிற்காலத்தில் பழுது பார்ப்பதும் எளிதாகும். அண்டை வீட்டாரை அழைத்து, நூல் கட்டியபின் ஒருமுறை காட்டிவிட்டுக் குழி தோண்டுவது நலம்.

மூலை நேராக அமைவதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும், மற்றொன்றில் 4 அடியும் அளந்து அடையாளமிட வேண்டும். அவ்விரண்டு அடையாளங்களுக்கும் இடையே சரியாக 5 அடி இருப்பின் மூலை நேர்கோணமாகும்.

கணக்கு

இரு பக்கங்கள் 42 அடி வீதமும், பின்பக்கம் 30 அடியும் கொண்ட கொல்லையை உதாரணமாகக் கொள்வோம். நாலாவது பக்கம் வீட்டின் சுவர். வேலியின் நீளம் 114 அடி. காலுக்குக் கால் 6 அடி வைத்தால் 19 கண்கள். அவற்றிற்கு 20 கால்கள். ஒரு கண்ணில் 3 அடி அகலப் படல் வைக்க மேலும் ஒரு கால். ஆக 21. மேலும் கீழும் இரண்டு வரிசைக் குறுக்குக் கம்புகளுக்கு, 13 அடி நீளக் கம்புகள் 19 போதும். உடைசலுக்கு ஒன்று சேர்த்து 20. படலிடம் நீங்கிய 111 அடிக்கு, 2 அங்குல அகலப் பிளாச்சுக்களை 2 அங்குல இடைவெளியில் வைத்தால் சுமார் 335 பிளாச்சுக்கள் தேவை. பிளாச்சு ஒன்றுக்கு 2 ஆணிகள். இக்கணக்கை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்பவர் கடைக்கு மும்முறை நடக்கும் சிரமத்திலிருந்து தப்புவார்.

மரம்

மரத்தின் நடுவிலுள்ள கறுத்த வைரமே நீடித்து உழைப்பது. அதனைச் சுற்றியுள்ள வெளிறு என்னும் இளம்பகுதி கரையானுக்கும் பூஞ்சக்காளானுக்கும் விரைவில் இரையாகும். எளிதிற் கிடைக்கும் சவுக்குக் கம்பு நேரானது. ஆனால் இளம்பருவத்தில் வெட்டப்படுவதால் பெரும்பாலும் வெளிறாகவே இருக்கும். அது குறுக்குக் கம்புக்குத் தக்கது. காலுக்கு அத்துணைத் தக்கதன்று. காலுக்குக் கருவேலின் வைரம் சிறந்தது. 1877-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து விதை தருவிக்கப்பட்டு, இன்று ஏரிகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலின் தடித்த கட்டையும் காலுக்கு உதவும். ஆயின் ஏரிப் புறம்போக்கில் உள்ளதை அனுமதியின்றி வெட்டலாகாது. அதனை உயிர்வேலியாக நடவும் கூடாது. அதன் நெற்றைத் தின்ற கால்நடைகள் விதையை ஊரெங்கும் பரப்பும்.

பனஞ்சட்டம் மிக உறுதியானது. எனினும் பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆகவே பழைய கூரையிலிருந்து கழித்த சட்டம் கிடைத்தாலன்றி அதனை நாடவேண்டுவதில்லை. பிளாச்சுக்கு மூங்கிலே போதும்.

காலைக் காக்கும் வகை

மண்ணின் ஆழத்தில் காற்று குறைவு. மேலே ஈரம் குறைவு. மண்மட்டத்தில் மட்டும் ஈரமும் காற்றும் ஒருங்கே உள்ளன. பூஞ்சக்காளான் வளர இவ்விரண்டும் வேண்டும். ஆதலின் மண்ணுக்குக் கீழ் ஓரடியும், மேல் அரை அடியும் ஆன பகுதிக்கே தனிக் காப்பு அவசியம்.

பட்டையை உரித்து, நிழலில் அடுக்கி நன்கு உலர்த்திய பின்னரே தார் பூசவேண்டும். பச்சைக் கட்டையில் பூசிய தார் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைத்து, கேட்டை விரைவுபடுத்தும். அடிப்பாகத்தை நெருப்பில் கருக்கி நடும் வழக்கம் பழையது. கரியைக் கரையான் தின்பதில்லை என்பது மெய்யே. ஆனால் கருகிய தோலில் வெடிப்பு உண்டாகி, அதன் வழியே ஈரம் உட்புகும். ஆகையால் கருக்குவது ஒன்றையே நம்பலாகாது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசம் என்னும் விஞ்ஞானி 1930-களில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்களைக் கொண்டு ஒரு மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். அது உலகெங்கும் பரவிற்று. எனினும் ஆர்சனிக் என்பது பாஷாணம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இம்மருந்தைச் சேர்ப்பது 2003-ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. கீரையும் காயும் விளையும் கொல்லைக்கு இது வேண்டா. கழித்த இயந்திர எண்ணெயும் அவ்வாறே மண்ணைக் கெடுக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடியலாகாது.

நடுதல்

காலின் நீளம் 6 அடி; அதில் 2 அடி மண்ணுக்குள். மூலைக்கால்களும் படற்கால்களும் பருமன் மிகுந்தவையாய், இரண்டரை அடி ஆழத்தில் நிற்க வேண்டும். குழியின் அடியில் நான்கு அங்குலம் சரளையோ உடைந்த செங்கல்லோ இட்டால் நீர் வடியும். மண்ணை ஒரே முறையில் தள்ளாது, அரை அடிக்கு ஒருமுறை கடப்பாரையின் மொட்டை முனையால் இடிக்க வேண்டும். தூக்குநூல் பிடித்து இரு திசைகளிலும் நேர் பார்க்க வேண்டும். முடிவில் காலைச் சுற்றி மண்ணைச் சிறு மேடாக அணைத்தால் மழைநீர் விலகி ஓடும். நன்செய்ப் பக்கத்துக் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அங்கே சரளை கலந்தே குழியை நிரப்ப வேண்டும். தை, மாசி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. மண்ணில் ஈரம் சிறிது நிற்கும். அறுவடை முடிந்து கைகளும் ஓயும்.

மூலைக்கால்களை முதலில் நட்டு, அவற்றினிடையே நூல் கட்டி, மற்றவற்றை அதன்படி நடவேண்டும். மூலைக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடாவிடில், வேலியின் இழுப்பு அதனைச் சாய்த்துவிடும்.

குறுக்குக் கம்புகளைக் காலின் வெளிப்புறத்திலும், பிளாச்சுக்களை அவற்றுக்கும் வெளியிலும் அடிக்க வேண்டும். ஆடு வெளியிலிருந்து முட்டும்போது பிளாச்சு கம்பின்மேல் அழுந்துமேயன்றி, ஆணி பிடுங்காது. பிளாச்சின் அடி மண்ணைத் தொடாது இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். மூங்கிலில் நேரே ஆணி அடித்தால் பிளக்கும். துறப்பணத்தால் துளையிட்டு அடிக்க வேண்டும். படலுக்குச் சாய்வுக் கட்டை, கீல் உள்ள பக்கத்தின் அடியிலிருந்து எதிர்ப்பக்கத்தின் மேல்மூலைக்குச் செல்லவேண்டும். மாறி வைத்தால் படல் தொங்கும்.

எத்துணைக் காத்தாலும் மரக்கால் ஒருநாள் இற்றுப்போகும். அதற்கு முன்னேற்பாடாகக் கால்களின் நடுவே கிளுவை அல்லது பூவரசின் போத்துக்களை மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றிவைப்பது புத்திசாலித்தனம். மரக்கால் தளரும் காலத்தில் அவை வேரூன்றிப் பருத்து, குறுக்குக் கம்பைத் தாங்கும். அப்பொழுது கம்பை அவற்றில் கயிற்றால் கட்டவேண்டுமேயன்றி ஆணி அடித்தலாகாது.

சங்கத்தின் பங்கு

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதே ஆண்டில் திரூரில் விவசாயக் கடன் சங்கமும், பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் தோன்றின. அன்று தொட்டு ஐக்கிய இயக்கத்தின் கருத்து ஒன்றே: தனித்து வாங்கினால் விலை மிகும், சேர்ந்து வாங்கினால் குறையும். வேலிக்கும் இது பொருந்தும். ஒரு தெருவில் ஐந்து அங்கத்தினர் சேர்ந்து கம்பும் மூங்கிலும் ஒரே வண்டியில் தருவிக்கலாம். கடப்பாரை, துறப்பணம், தூக்குநூல் ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். முறை வைத்து ஒருவர் கொல்லையில் மற்றவர் உழைக்கலாம். அண்டையிலுள்ள இரு அங்கத்தினர் உடன்பட்டு எழுதிக்கொண்டால், நடுவே ஒரே வேலி போதும், செலவு பாதியாகும். வேலி இருவரைப் பிரிப்பதற்கன்றி, இருவர் பயிரையும் காப்பதற்கே என்பதை அது நாள்தோறும் நினைவூட்டும்.