ஒலிக்கோப்பைத் தரம் குறையாமல் வெட்டுவது எப்படி? எளிய விளக்கம்

திருப்பதி: திருப்பதி, சித்தூர் பகுதிகளில் விடியற்காலை என்றாலே எம்.எஸ்.சுப்புலட்சுமி குரலில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதம் நினைவுக்கு வரும். 1963-ம் ஆண்டு இசைத்தட்டாக வெளியான இப்பதிவு, பின்னர் ஒலிநாடா வடிவில் வீடுகளைச் சென்றடைந்தது. அத்தகைய நாடாவை ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்தால், ஒரு பக்கம் முழுவதும் ஒரே நீண்ட கோப்பாகவே கிடைக்கும். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களாசாசனம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டுமெனில், அக்கோப்பை வெட்டியாக வேண்டும்.

தரம் குறைவது ஏன்?

எம்பி3 என்பது செவிக்கு எளிதில் புலப்படாத ஒலித் தகவல்களை நீக்கிச் சுருக்கப்பட்ட வடிவமாகும். இதனை வெட்டும் செயலிகள் பல, கோப்பை விரித்து, வெட்டி, மீண்டும் சுருக்குகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிதளவு தகவல் இழக்கப்படுகிறது. இழந்ததை மீட்க இயலாது.

கட்டளை வரியில் தீர்வு

இதற்கு மாற்றாக உள்ளது எஃப்எஃப்எம்பெக். 2000-ம் ஆண்டு பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இந்தக் கட்டணமில்லா மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இயங்கும். இதில் பொத்தான்கள் இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். மென்பொருளின் பெயரை அடுத்து, 'ஹைபன் ஐ' என்ற குறியுடன் மூலக்கோப்பின் பெயர், 'ஹைபன் எஸ்எஸ்' குறியுடன் தொடக்க நேரம், 'ஹைபன் டிஓ' குறியுடன் முடிவு நேரம், பின்னர் 'ஹைபன் சி காப்பி', இறுதியில் புதிய கோப்பின் பெயர் என்ற வரிசையில் ஆங்கில எழுத்துகளில் அளித்தால் போதும்.

இவற்றுள் 'காப்பி' என்ற சொல்லே முக்கியமானது. ஒலியை மீண்டும் சுருக்காமல், தேவையான பகுதியை அப்படியே நகலெடுக்க அது உத்தரவிடுகிறது. எனவே தரம் மாறுவதில்லை. நீண்ட கோப்பும் சில நொடிகளில் வெட்டப்பட்டுவிடும். 'டிஓ' என்பதற்குப் பதிலாக 'டி' என மட்டும் அளித்தால், அந்த எண் முடிவு நேரமாக அன்றி, கால அளவாகக் கொள்ளப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வரம்பு

எம்பி3 கோப்பு சிறு சட்டகங்களால் ஆனது. 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் ஒரு சட்டகம் சுமார் 26 மில்லி நொடி. வெட்டு சட்டக எல்லையிலேயே விழும் என்பதால், சொல்லின் நடுவே அல்லாமல், இடைவெளியில் வெட்டுவது நல்லது. மிகத் துல்லியமான வெட்டு தேவையெனில், நாடாவை முதலிலேயே வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் பதிவு செய்யலாம். இவ்வடிவங்களில் தரம் இழக்கப்படுவதில்லை.

மூலத்தை அழிக்காதீர்கள்

சுப்ரபாதம் இன்று செயலிகளிலும் கிடைக்கிறது. ஆனால், காலி நாடாவில் எப்போதோ பதிவு செய்யப்பட்ட பாட்டியின் பாடலுக்கோ, தாத்தாவின் பேச்சுக்கோ வேறு பிரதி கிடையாது. ஆகவே வெட்டிய கோப்புக்கு எப்போதும் புதிய பெயரிட்டு, முழுப் பதிவைத் தனி வட்டில் பாதுகாக்க வேண்டும். வெட்டும் பணி முழுவதும் சொந்தக் கணினியிலேயே நடைபெறுவதால், குடும்பத்தினரின் குரலை எந்த இணையதளத்திலும் பதிவேற்றத் தேவையில்லை என்பது கூடுதல் பயன்.