தலையில் மாட்டும் முன் பில்லைப் பாருங்கள்

2018 மார்ச் 7 அன்று உலகம் முழுக்க ஆக்யுலஸ் ரிஃப்ட் ஹெட்செட் வைத்திருந்தவர்கள் அதைத் தலையில் மாட்டியபோது எதுவும் ஓடவில்லை. கருவியில் பழுதில்லை, கேபிளிலும் கம்ப்யூட்டரிலும் குறையில்லை. மென்பொருள் அசலானதுதான் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க நிறுவனம் மறந்திருந்தது. அதன் கெடு முடிந்ததும், 2016-இல் 599 டாலருக்கு அறிமுகமான கருவி ஒரே நாளில் ஊமையாகிவிட்டது. அடுத்த நாளே திருத்தம் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு, நிறுவனத்தின் சொந்த ஆப் கடையில் மட்டும் செலவழிக்கும்படி 15 டாலர் வரவு வைத்தார்கள்.

விலையுயர்ந்த வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். படம் எவ்வளவு துல்லியம், திரையில் எத்தனை பிக்சல் என்பதைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிக்சி தயாரித்த கம்பெனி இழுத்து மூடினாலும் வீட்டு மிக்சி அரைத்துக்கொண்டுதான் இருக்கும். ஹெட்செட் அப்படியில்லை. கணக்கு, சர்வர், ஆப் கடை, அப்டேட் எல்லாம் நிறுவனத்தின் கையில். அதில் ஒன்று நின்றாலும் உங்கள் காசு முடங்கும். ஆகவே, இதை எத்தனை வருடம் ஓட விடுவார்கள், நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பது என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் பெரிய தொகை கொடுக்கக் கூடாது.

சான்றிதழ் விஷயம் ஒரு மறதி. தெரிந்தே செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. 2017-இல் மைக்ரோசாப்ட் ‘விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி’ என்ற தளத்தைக் கொண்டுவந்தது. ஏசர், டெல், எச்.பி., லெனோவா, சாம்சங் என்று பெயர்பெற்ற நிறுவனங்கள் அதற்கான ஹெட்செட்டுகளைச் செய்து விற்றன. எச்.பி.யின் ரிவெர்ப் ஜி2 என்ற மாடல் 2020 இறுதியில் 599 டாலருக்கு வந்தது. விமான ஓட்டும் விளையாட்டுப் பிரியர்கள் அதன் படத் தெளிவுக்காகவே தேடி வாங்கினார்கள். 2023 டிசம்பரில் மைக்ரோசாப்ட் இந்தத் தளத்தைக் கைவிடப்போவதாக அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட்டில் அதை அடியோடு நீக்கியது. கம்ப்யூட்டரை அப்டேட் செய்தால் ஹெட்செட் வேலை செய்யாது. ஹெட்செட் வேண்டுமென்றால் பழைய 23எச்2 பதிப்பிலேயே நின்றுவிட வேண்டும். அந்தப் பதிப்பின் வீட்டுப் பயனாளர்களுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளோ 2025 நவம்பரோடு முடிந்தன.

லென்ஸில் ஒரு கீறல் இல்லை, திரை பளிச்சென்று எரிகிறது, ஆனாலும் பயனில்லை. மைக்ரோசாப்ட்டில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் 2025-இல் தன் சொந்த முயற்சியாக ஒரு மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். அதனால் என்விடியா கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அந்தக் கருவிகள் மறுபடி உயிர்பெற்றன. காசு வாங்கிய நிறுவனங்கள் செய்ய வேண்டியதைத் தனி மனிதர் ஒருவர் ஓய்வு நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதிக விலை கொடுத்தால் அதிக காலம் உழைக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. மெட்டா நிறுவனம் 2022 அக்டோபரில் குவெஸ்ட் ப்ரோவை 1,499 டாலருக்குக் கொண்டுவந்தது. ஐந்தே மாதத்தில் விலை 999 ஆனது. அதன் பிறகு விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். அதே நிறுவனத்தின் குவெஸ்ட் 3எஸ் 2024-இல் 299 டாலருக்கு வந்தது. வீட்டில் விளையாடவும் உடற்பயிற்சிக்கும் 360 டிகிரி காணொளி பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

ஆப்பிள் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது. இதில் படத்தின் நேர்த்தியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தலையில் ஏறும் எடை 600 கிராமுக்கு மேல். பேட்டரி தனியாகக் கேபிளில் தொங்கும், 2024 மாடலில் அது சுமார் இரண்டு மணி நேரம் தாங்கும். கண்ணாடி அணிபவர்கள் உள்ளே பொருத்தும் லென்ஸைத் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கூடுதல் காப்புத் திட்டம் எடுக்காதவருக்கு முன்பக்கக் கண்ணாடி உடைந்தால் மாற்ற 799 டாலர் என்று அறிமுகத்தின்போதே அறிவித்தார்கள். இரண்டு குவெஸ்ட் 3எஸ் வாங்கிய பிறகும் மிச்சமிருக்கும் தொகை அது. இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்கிறேன்: ஒரு குடும்பம் தன் சேமிப்பிலிருந்து லட்சங்களை எடுத்துப் போடத் தகுந்த பொருளாக ஹெட்செட் இன்னும் ஆகவில்லை. பயிற்சி நிறுவனம், கட்டட வடிவமைப்பாளர், சிமுலேட்டரில் தினமும் உட்காரும் ஆள் என்று திட்டமான வேலை இருப்பவர்களின் கணக்கு வேறு. ஆசைக்கு வாங்குபவர்கள், மாலில் இருக்கும் வி.ஆர். கூடத்திலோ நண்பர் வீட்டிலோ அரை மணி நேரமாவது மாட்டிப் பார்த்துவிட்டு, குறைந்த விலை மாடலில் தொடங்கலாம்.

நம் ஊரில் இதை வாங்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பல மாடல்களை நிறுவனங்களே இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்பதில்லை. விஷன் ப்ரோ 2024-இல் அமெரிக்காவைத் தொடர்ந்து சீனா, ஜப்பான், சிங்கப்பூர், பிரிட்டன் என்று போனது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனாலும் இணையக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலும் இத்தகைய கருவிகள் கிடைக்கின்றன. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தவை, அல்லது சிறு இறக்குமதியாளர் வழியாக வந்தவை. வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவது இதில் சகஜம். விஷன் ப்ரோ அறிமுகமானபோது ஆப் வாங்கவே அமெரிக்கக் கணக்கு தேவைப்பட்டது. உங்கள் மாடலுக்கும் உங்கள் நாட்டுக் கணக்கும் வங்கி அட்டையும் செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

“பில் வேண்டாம்னா விலை குறைச்சுத் தர்றேன்” என்று கடைக்காரர் சொல்லும் இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச்சீட்டு பில் ஆகாது. கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், மாடலின் முழுப் பெயர், கருவியின் சீரியல் எண் எல்லாம் இருக்கும் பில்லைக் கேளுங்கள். அட்டைப்பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எம்.ஆர்.பி.யும் ஒட்டியிருக்க வேண்டும். இணையத்தில் வாங்கினால் இறக்குமதியாளர் விவரத்தையும், தயாரான நாட்டையும் விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இவை இல்லாத பக்கத்தில் ஆர்டர் போடாதீர்கள். பழைய கருவி வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளரை உங்கள் கண் முன்னாலேயே தன் கணக்கை நீக்கி முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். “இருபது கேம் இருக்கு” என்று விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். கேம்கள் கருவியோடு வருவதில்லை, வாங்கியவரின் கணக்கோடு போய்விடும்.

உடம்புக்கு வருவோம். திரை கண்ணிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. லென்ஸ் அதை ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும். படத்தில் ஒரு பொருள் மூக்கருகே வந்தால் இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, ஆனால் குவியம் மட்டும் அதே தூரத்தில் நிற்கிறது. இயல்பில் சேர்ந்தே நடக்கும் இரண்டு வேலைகள் இப்படிப் பிரிவதுதான் கண்வலிக்கும் தலைவலிக்கும் முக்கியக் காரணம். உட்கார்ந்த இடத்தில் இருக்கையில் கண் மட்டும் ஓடுவதாக உணரும்போது குமட்டல் வருகிறது. சிலருக்குப் பழகப் பழகக் குறையும், சிலருக்குக் குறையவே குறையாது. மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். கண்ணாடிக் கடையில் அளந்து சொல்வார்கள். குவெஸ்ட் 2-இலும் 3எஸ்-இலும் லென்ஸை 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே இடத்தில்தான் வைக்க முடியும். உங்கள் அளவு அவற்றிலிருந்து வெகுவாக விலகினால் படம் மங்கும், கண் சோரும். ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்கள் சுமார் 4,000 பேரில் ஒருவர் என்று ஆக்யுலஸின் எச்சரிக்கைக் கையேடே குறிப்பிடுகிறது. வலிப்பு வந்தவர்களும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விஷன் ப்ரோவுக்கு 13 வயது என்று ஆப்பிள் வரம்பு வைத்திருக்கிறது. மெட்டா 2023-இல் தன் வரம்பை 13-லிருந்து 10-க்கு இறக்கியது, பெற்றோர் கட்டுப்பாட்டிலுள்ள கணக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு. வயது வரம்பு இறங்கியதால் குழந்தையின் கண் அதற்குத் தயாராகிவிட்டது என்று பொருளில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

நின்று ஆடும் விளையாட்டுக்கு ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்கிறது மெட்டா. நம் வீடுகளில் அதற்கு மேல் ஓடும் ஃபேனையும் கணக்கில் சேருங்கள். கையைத் தூக்கிக் குதித்தால் எட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் குவெஸ்ட் 2-இன் முகத்தில் படும் நுரைப் பகுதியை அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள். சுமார் 40 லட்சம் கருவிகள். சருமத்தில் எரிச்சல், தடிப்பு என்று 5,716 புகார்கள் வந்திருந்தன, 45 பேர் மருத்துவ உதவி தேடியிருந்தார்கள். கேட்டவர்களுக்கு இலவச சிலிகோன் உறை கொடுத்தார்கள். இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது சீரியல் எண்ணும் பில்லும் கையில் இருப்பவருக்கு வேலை சுலபம்.

கருவி உங்களைப் பற்றிச் சேகரிப்பது இன்னொரு கவலை. தலையும் கைகளும் அசையும் விதம் கைரேகை போலத் தனித்தன்மை உள்ளது. 2023-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பீட் சேபர் என்ற வி.ஆர். விளையாட்டை ஆடிய 55,000-க்கும் மேற்பட்டவர்களின் அசைவுத் தரவை எடுத்தார்கள். வெறும் 100 விநாடி அசைவை வைத்து, இது யார் என்று 94 சதவீதம் சரியாகச் சொல்ல முடிந்தது. பெயரை மறைத்துப் புனைபெயரில் விளையாடினாலும் அசைவு காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதுவரை காத்திருக்காமல், அமைப்புகளில் போய் மைக், கேமரா, தரவுப் பகிர்வு அனுமதிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிடுங்கள்.

பொருள் கெட்டால் என்ன வழி? 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நாம் நினைப்பதைவிடக் கூர்மையானது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று கடையில் தொங்கும் பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. கருவியால் உடம்புக்குத் தீங்கு நேர்ந்தால், தயாரித்த நிறுவனம் இந்தியச் சட்டத்தின் எல்லைக்குள் வராவிட்டாலும், விற்றவரையே பொறுப்பாக்க 86-ஆம் பிரிவு இடம் தருகிறது. இறக்குமதிச் சரக்கு வாங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய பிடி இல்லை.

இணையக் கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே போனில் சண்டை போடாதீர்கள், எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் முதல் முறை இயக்குவதையும் வீடியோ எடுத்து வையுங்கள். கடையிடம் கொடுத்த புகாரில் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நீள்கிறது, பொறுமை வேண்டும்.

நிறுவனம் தன்னிச்சையாகச் சேவையை நிறுத்தும் ஒப்பந்த நிபந்தனையை எதிர்ப்பது கடினமான வழக்கு. காரணமில்லாமல் ஒருதலையாக முறித்துக்கொள்ளும் உரிமையை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று சட்டம் வரையறுக்கிறது. ஆனால் அதை மாவட்டத்தில் கேட்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். தனியாகப் போகாமல், அதே கருவி வாங்கிய பலர் சேர்ந்தோ, பதிவுபெற்ற நுகர்வோர் அமைப்பின் வழியாகவோ போவது நல்லது.

திருவிழாவிலும் மாலிலும் ஹெட்செட் வைத்துக் கட்டணம் வாங்கும் சிறு தொழில்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது பொதுவிதி. சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. விற்றவரின் வக்கீல் முதலில் எழுப்பும் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும். அதனால் கடை உங்கள் ஒருவருடைய உழைப்பில் நடக்கிறது, வேறு வருமானம் இல்லை என்பதைப் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள், ஆதாரத்தையும் இணையுங்கள்.